வீட்டில் ஓடும் ஜிபிஎஸ் ஜீப்பில் ஏன் நிற்கிறது?

கேள்வி: ராமநாதபுரம் பக்கம் கண்மாய்களின் கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால் ஆகியவற்றைப் பதிவு செய்யும் வேலையில் இருக்கிறேன். விண்டோஸ் 11 மடிக்கணினியில் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் வைத்திருக்கிறேன். அதனுடன் பென்டிரைவ் அளவில், யூ-பிளாக்ஸ் 7 சிப் உள்ள யுஎஸ்பி ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்று. வீட்டு மொட்டைமாடியில் சார்ஜர் போட்டு வைத்தால் மணிக்கணக்கில் ஓடுகிறது. ஜீப்பில் கிளம்பினால் 10, 20 நிமிடத்தில் தொடர்பு போய்விடுகிறது. சில நேரம் விண்டோஸின் 'டிங்-டாங்' சத்தம் கேட்கிறது, சில நேரம் சத்தமே இல்லாமல் வரைபடத்தில் புள்ளி நின்றுவிடுகிறது. பிடுங்கிச் செருகினால், ரிசீவருக்கு விண்டோஸ் தரும் காம் போர்ட் எண் காம்4 ஆக இருந்தது காம்7 ஆகிவிடுகிறது. ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு காம் போர்ட்டே காணாமல் போனது. ரிசீவர்தான் கெட்டுவிட்டது என்று, தரவை யுஎஸ்பிக்கு மாற்றித் தரும் சீரியல் சிப் இடையில் உள்ள பழைய ரிசீவர் ஒன்றை வாங்கினேன். அதைச் செருகியதும் ஒரு நாள் மவுஸ் அம்பு தானாகத் திரையெங்கும் ஓடியது. இப்போது கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் அதற்கு மஞ்சள் முக்கோணம் காட்டுகிறது. எந்த ரிசீவர் வாங்கினால் இந்தத் தொல்லை தீரும்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் முதல் ரிசீவர் நல்ல நிலையில் இருக்கிறது. மொட்டைமாடியில் மணிக்கணக்கில் ஓடுவதே அதற்குச் சாட்சி. நீங்கள் எழுதியிருப்பது ஒரே கோளாறும் இல்லை. நான்கைந்து தனித்தனிக் கோளாறுகள், எல்லாம் உங்கள் கண்ணுக்கு 'தொடர்பு போச்சு' என்று ஒரே மாதிரி தெரிகின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் பத்து நிமிட வேலைதான்.

செயற்கைக்கோளிலிருந்து உங்கள் வரைபடப் புள்ளி வரை வருகிற வழியில் நான்கு கண்ணிகள் உண்டு. வானத்திலிருந்து ரிசீவருக்கு வரும் சிக்னல் முதல் கண்ணி. ரிசீவரிலிருந்து யுஎஸ்பி வழியாக விண்டோஸுக்குப் போவது இரண்டாவது. விண்டோஸ் அதைக் காம் போர்ட்டாக மாற்றித் தருவது மூன்றாவது. அந்தப் போர்ட்டை க்யூஜிஐஎஸ் திறந்து படிப்பது நான்காவது. எது அறுந்தாலும் புள்ளி நிற்கும். எது அறுந்தது என்று தெரிந்துகொள்ள, அடுத்த முறை நிற்கும்போது கை வைக்காமல் அரை நிமிடம் பொறுங்கள். செருகியதைப் பிடுங்கியதுமே தடயம் அழிந்துவிடும்.

முதலில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'போர்ட்ஸ்' பகுதியைப் பாருங்கள். காம்4 அந்தப் பட்டியலிலேயே இல்லையென்றால் அறுந்தது இரண்டாவது கண்ணி அல்லது மூன்றாவது. அதாவது மின்சாரம், கேபிள், சாக்கெட், டிரைவர் ஆகியவற்றில் ஒன்று. காம்4 அப்படியே இருந்தால் க்யூஜிஐஎஸ்ஸில் ஜிபிஎஸ் இணைப்பைத் துண்டித்துவிட்டு, டெரா டெர்ம் போன்ற ஒரு சிறிய டெர்மினல் மென்பொருளில் அதே போர்ட்டை 9600 வேகத்தில் திறங்கள். துண்டிக்காமல் திறக்க முடியாது. விண்டோஸில் ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரே ஒரு மென்பொருள்தான் பிடித்து வைத்திருக்க முடியும். பின்னணியில் யூ-பிளாக்ஸின் சொந்த மென்பொருளான யூ-சென்டரோ வேறு வரைபட மென்பொருளோ திறந்து கிடந்தால் க்யூஜிஐஎஸ்ஸுக்குக் கதவு திறக்காது, அதையும் நாம் 'தொடர்பு இல்லை' என்றே எடுத்துக்கொள்வோம்.

டெர்மினலில் நொடிக்கு ஒரு கொத்தாக வரிகள் ஓட வேண்டும். ஒவ்வொரு வரியும் டாலர் குறியில் தொடங்கி, ஒரு நட்சத்திரக் குறியும் இரண்டு எழுத்துச் சரிபார்ப்பு எண்ணும் வைத்து முடியும். திரையில் ஆங்கில எழுத்தில் வருவதைத் தமிழில் எழுதினால், நீங்கள் தேட வேண்டிய வரி இப்படி இருக்கும்:

$ஜிபிஆர்எம்சி,053012.00,ஏ,0922.12345,என்,07850.12345,இ, ...

முதல் எண் உலகப் பொது நேரம்: 5 மணி 30 நிமிடம் 12 நொடி. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் காலை 11 மணி 12 நொடி. அடுத்து வரும் ஒற்றை எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. 'ஏ' என்றால் இருப்பிடம் கிடைத்துவிட்டது, 'வி' என்றால் கிடைக்கவில்லை. அதற்கடுத்து அட்சரேகை. இதை 9.22 டிகிரி என்று படித்துவிடாதீர்கள், 9 டிகிரி 22.12345 நிமிடம் என்று படிக்க வேண்டும். இந்த எண்களை எக்செல்லில் அப்படியே ஒட்டி, கண்மாயைப் பல கிலோமீட்டர் தள்ளிப் போட்டுவிடுகிறவர்கள் நிறைய.

வரிகள் ஓடுகின்றன, எழுத்து 'வி' என்று நிற்கிறது என்றால் யுஎஸ்பி, டிரைவர், க்யூஜிஐஎஸ் எல்லாம் சரி, வானத்துச் சிக்னல்தான் போதவில்லை. வரிகளே வரவில்லை, ஆனால் போர்ட் இருக்கிறது என்றால் ரிசீவரோ டிரைவரோ உறைந்துவிட்டது. வரிகள் ஓடி, எழுத்தும் 'ஏ' என்று இருந்தால் க்யூஜிஐஎஸ் பழைய இணைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இந்த ஒரு பரிசோதனையைச் செய்யாமல் டிரைவர் மாற்றுவதும் கேபிள் மாற்றுவதும் இருட்டில் துழாவுவதுதான்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். சார்ஜரில் ஓடுகிறது, பேட்டரியில் நிற்கிறது என்ற வேறுபாட்டை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமான தடயம். மடிக்கணினி பேட்டரிக்கு மாறியதும் விண்டோஸ் யுஎஸ்பி போர்ட்டுகளில் சிக்கனம் பிடிக்கத் தொடங்கும். ஒரு கண்மாயிலிருந்து அடுத்த கண்மாய்க்குப் போகும்போது கணினியைச் சீட்டில் வைத்திருப்பீர்கள், யாரும் தொடமாட்டீர்கள், சில நிமிடத்தில் திரை அணையும். விண்டோஸ் 11-இல் 'திரை அணைந்ததும் யுஎஸ்பி கருவிகளை நிறுத்து' என்ற பொருளில் ஒரு அமைப்பே இருக்கிறது. செட்டிங்ஸ் திறந்து, 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', அதற்குள் 'யுஎஸ்பி' என்று போனால் 'யுஎஸ்பி பேட்டரி சேவர்' தெரியும். அதை ஆஃப் செய்யுங்கள்.

அதோடு விடாதீர்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், நீங்கள் பயன்படுத்தும் பிளானின் அட்வான்ஸ்டு அமைப்புகளைத் திறங்கள். 'யுஎஸ்பி செட்டிங்ஸ்' என்பதன் கீழே 'செலக்டிவ் சஸ்பெண்ட்' இருக்கும். பேட்டரி, சார்ஜர் இரண்டுக்கும் அதை 'டிஸேபிள்டு' ஆக்குங்கள். சில புதிய மடிக்கணினிகளில் இந்த வரி மறைந்திருக்கும். அப்படியானால் டிவைஸ் மேனேஜரில் 'யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்' விரித்து, 'யுஎஸ்பி ரூட் ஹப்' ஒவ்வொன்றின் ப்ராப்பர்ட்டீஸிலும் 'பவர் மேனேஜ்மென்ட்' தாவலுக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்தக் கருவியை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். கணினி நிறுவனமே போட்டுத் தரும் பேட்டரி மேலாண்மை மென்பொருள் இருந்தால் அதையும் ஒரு கண் பாருங்கள். விண்டோஸில் நீங்கள் மாற்றியதை அது திரும்ப மாற்றிவிடுவதுண்டு.

மூடியை மூடினால் தூங்கப் போகும் அமைப்பும் இதே வகைதான். கணினி தூங்கும்போது ரிசீவருக்கு மின்சாரம் போய்விடலாம். எழுந்ததும் அது செயற்கைக்கோள்களை மறுபடி தேட வேண்டும். சுற்றுப்பாதைத் தரவை ஒரு செயற்கைக்கோள் 30 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. அதனால் திறந்த வெளியிலேயே புதிதாகத் தொடங்க அரை நிமிடம் ஆகும், ஓடும் ஜீப்பில் மரநிழலில் பல நிமிடம்கூட ஆகலாம். மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்று பவர் ஆப்ஷன்ஸில் மாற்றலாம். ஆனால் அப்படி மாற்றிய கணினியைப் பைக்குள் வைக்கக் கூடாது, காற்றில்லாமல் சூடேறிவிடும். மூடியைத் திறந்து வைத்து, திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது.

மாற்றியதும் நேராகக் களத்துக்குப் போக வேண்டாம். வீட்டு மொட்டைமாடியிலேயே சோதியுங்கள். சார்ஜரைப் பிடுங்கி, க்யூஜிஐஎஸ் இணைப்பைத் தொடங்கி, திரை தானாக அணையும்வரை விட்டு, அரை மணி நேரம் தொடாமல் இருங்கள். அமைப்புகளை மாற்றும் முன் ஒரு முறை, மாற்றிய பின் ஒரு முறை. முன்பு அறுந்து, பின்பு அறுபடவில்லையென்றால் பெரிய குற்றவாளி பிடிபட்டது. மொட்டைமாடியில் பேட்டரியிலும் ஒருமுறைகூட அறுபடவில்லை, ஜீப்பில் மட்டுமே அறுகிறது என்றால் ஆட்டத்தையும் மின் இரைச்சலையும் பார்க்க வேண்டும்.

ஆட்டம் என்றால் சாக்கெட்டில் வரும் ஆட்டம். பென்டிரைவ் போன்ற ரிசீவர் கணினியின் பக்கவாட்டில் நெம்புகோல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கரை மேல் ஜீப் குலுங்கும்போதெல்லாம் அது சாக்கெட்டை மேலும் கீழும் அசைக்கும். யுஎஸ்பிக்கு ஒரு கண நேரத் தொடர்பறுப்பே போதும், கருவி போய்விட்டது என்று விண்டோஸ் முடிவு கட்டிவிடும். நீங்கள் கேட்ட 'டிங்-டாங்' அதுவாகவும் இருக்கலாம். ரிசீவரை நேராகக் கணினியில் செருகாதீர்கள். ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்குங்கள். கேபிளின் மேலுறையில் பொடி எழுத்தில் கம்பியின் தடிமன் அச்சிட்டிருக்கும். மின்சாரக் கம்பிக்கு 28 என்று போட்டதைவிட 24 என்று போட்டது தடிமனானது, அதையே எடுங்கள். ஆன்டெனாவைத் தூரத்தில் வைக்கிறேன் என்று கேபிளோடு கேபிள் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். மொத்த நீளம் 5 மீட்டரைத் தாண்டினால் யுஎஸ்பி தன் விதிப்படியே வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. கணினிப் பக்கம் கேபிளை ஒரு சிறு வளையம் விட்டு, வெல்குரோ பட்டையால் கணினியோடு கட்டிவிடுங்கள். யாராவது கேபிளில் இடறினாலும் இழுப்பு சாக்கெட்டுக்குப் போகாது.

ஏற்கெனவே வைத்திருக்கும் கேபிளைச் சந்தேகப்பட்டால் அசைத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது. டெர்மினலில் வரிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது, பிளக்கிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிக் கேபிளை இரண்டு விரலால் பிடித்து நாலு பக்கமும் மெதுவாக வளையுங்கள். பிறகு மறுமுனையிலும் அதையே செய்யுங்கள். கம்பி உள்ளே முறிந்திருந்தால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வரிகள் சட்டென்று நிற்கும், விட்டதும் 'டிங்' என்று திரும்பி வரும். கேபிளை ஜீப் கதவிடுக்கில் விட்டு மூடுபவர்களுக்கு இந்த முறிவு கதவு ரப்பர் அழுத்தும் இடத்தில் வரும். அங்கேயும் விரலை ஓட்டிப் பாருங்கள், நசுங்கிய இடம் தட்டையாகத் தட்டுப்படும்.

மின்சாரம் போதாமை பற்றி எல்லோரும் பேசுவார்கள். இந்த ரிசீவர் 100 மில்லிஆம்பியருக்கும் குறைவாகத்தான் எடுக்கும். கணினியில் நேராகச் செருகினால் அது பிரச்சினையே ஆகாது. தனி அடாப்டர் இல்லாத ஹப் ஒன்றில் ரிசீவரையும் ஹார்டு டிஸ்க்கையும் டேட்டா கார்டையும் சேர்த்துச் செருகினால்தான் பிரச்சினை. டேட்டா கார்டு டவரைத் தேடும்போது மின்சாரத்தை இழுக்கும், அந்த நேரம் ரிசீவர் விழும். ரிசீவருக்குக் கணினியின் தனிப் போர்ட் ஒன்றை ஒதுக்குங்கள்.

இரைச்சல் கொஞ்சம் நுட்பமான விஷயம், நிறையப் பேர் கவனிக்காதது. ஜிபிஎஸ் சிக்னல் 1575.42 மெகாஹெர்ட்ஸில் மிகமிகப் பலவீனமாகத் தரைக்கு வருகிறது. யுஎஸ்பி 3.0 போர்ட்டில் ஒரு ஹார்டு டிஸ்க் வேகமாக ஓடிக்கொண்டிருந்தால் அதிலிருந்து கசியும் ரேடியோ இரைச்சல் அந்த அலைவரிசை வரை பரவும். பக்கத்துப் போர்ட்டில் ரிசீவர் ஒட்டிக்கொண்டிருந்தால் போர்ட் அறுபடாது, 'டிங்-டாங்' கேட்காது, 'ஏ' மட்டும் 'வி' ஆகும். நீங்கள் சொன்ன 'சத்தமே இல்லாமல் நிற்பது' இந்த வகையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஜீப்பின் 12 வோல்ட்டில் ஓடும் மலிவான இன்வெர்ட்டர்களும் கார் சார்ஜர்களும் இதே வேலையைச் செய்யும். சோதிப்பது எளிது. டெர்மினலில் 'ஜிஎஸ்வி' என்று முடியும் தலைப்புள்ள வரிகளைப் பாருங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் நான்கு எண் வரும்: அடையாள எண், உயரக் கோணம், திசை, கடைசியாகச் சிக்னல் வலு. வலு 35-க்கு மேல் நாலைந்து செயற்கைக்கோள்களுக்கு இருந்தால் நிம்மதி. 25-க்குக் கீழே கிடந்தால் ரிசீவர் தடுமாறும். இன்வெர்ட்டரை அணைத்ததும், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றியதும் இந்த எண்கள் ஐந்து, பத்து என்று ஏறினால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. ரிசீவரை ஒரு மீட்டர் தள்ளி வைப்பதே பாதி வைத்தியம். நான் சொன்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் இங்கேயும் உதவும்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ரிசீவருக்குள் ஒரு சின்னப் பீங்கான் தகடுதான் ஆன்டெனா. அதன் முகம் வானத்தைப் பார்க்க வேண்டும். கணினியில் நேராகச் செருகினால் சாக்கெட்டின் பக்கத்தைப் பொறுத்து அது தரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் டாஷ்போர்டில் வைப்பது வீண். இரும்புக் கூரை ஜீப் என்றால் கூரை மேல் வையுங்கள். படுதாக் கூரை என்றால் பானெட்டின் மேல், இன்ஜின் சூடு நேராக ஏறாத ஓரத்தில் வையுங்கள். கீழே இரும்புத் தகடு இருப்பது இந்த ஆன்டெனாவுக்கு நல்லதுதான். நடந்து போய் அளக்கும்போது ரிசீவரைத் தொப்பியின் மேலோ, தோள் பட்டையின் உச்சியிலோ பொருத்துங்கள். சட்டைப் பையில் வைத்தால் பாதி வானத்தை உங்கள் உடம்பே மறைத்துவிடும்.

அப்டேட்டுக்குப் பிறகு போர்ட் காணாமல் போனது தனிக் கதை. யூ-பிளாக்ஸ் ரிசீவர்களுக்கு விண்டோஸ் அப்டேட் ஒரு 'லொகேஷன் சென்சார்' டிரைவரைத் தானாகக் கொண்டுவந்து போடுவது வழக்கமாகிவிட்டது. அதன் பிறகு ரிசீவர் 'போர்ட்ஸ்' பகுதியிலிருந்து மறைந்து, 'சென்சார்ஸ்' பகுதியில் உட்கார்ந்திருக்கும். விண்டோஸுக்கு இருப்பிடம் தெரியும், ஆனால் காம் போர்ட்டைத் தேடும் மென்பொருளுக்கு ஒன்றும் கிடைக்காது. அதன் மேல் ரைட் கிளிக் செய்து, 'அப்டேட் டிரைவர்', பிறகு கணினியிலேயே தேடும் வழி, பிறகு பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்ற வழியாகப் போனால் இரண்டு பெயர்கள் வரும். 'யுஎஸ்பி சீரியல் டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணையத்திலிருந்து எதுவும் இறக்க வேண்டியதில்லை, அந்த டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. பெரிய அப்டேட் ஒவ்வொன்றுக்குப் பிறகும், களத்துக்குக் கிளம்பும் முந்தின நாள் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காம்4 காம்7 ஆவதற்குக் காரணம் நீங்கள் வேறு சாக்கெட்டில் செருகியது. இந்தச் சிறு ரிசீவர்களுக்குத் தனி வரிசை எண் கிடையாது. அதனால் எந்தச் சாக்கெட்டில் இருக்கிறது என்பதை வைத்தே விண்டோஸ் அதை அடையாளம் காண்கிறது, சாக்கெட் மாறினால் புதுக் கருவி என்று எண்ணிப் புது எண் கொடுக்கிறது. ஒரு சாக்கெட்டுக்கு வண்ண டேப் ஒட்டி, எப்போதும் அதிலேயே செருகுங்கள். எண்ணையும் நிலையாக்கலாம்: போர்ட்டின் ப்ராப்பர்ட்டீஸ், 'போர்ட் செட்டிங்ஸ்', 'அட்வான்ஸ்டு' என்று போய் 5 போன்ற ஒரு சிறிய எண்ணைக் கொடுங்கள். அந்த எண் 'உபயோகத்தில்' என்று காட்டினால், டிவைஸ் மேனேஜரின் வியூ மெனுவில் மறைந்த கருவிகளைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் பழைய போர்ட்டுகளை அன்இன்ஸ்டால் செய்தால் எண் விடுபடும்.

அறுந்த பிறகு மீட்பதிலும் ஒரு வரிசை உண்டு. பெரும்பாலோர் முதலில் பிடுங்கிச் செருகுகிறார்கள். க்யூஜிஐஎஸ் அப்போதும் செத்துப்போன பழைய இணைப்பைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் திரும்பி வந்த போர்ட்டைத் திறக்க முடியாமல் போகும். முதலில் க்யூஜிஐஎஸ்ஸில் ஜிபிஎஸ் இணைப்பைத் துண்டியுங்கள், பிறகு ரிசீவரைப் பிடுங்குங்கள், ஐந்து நொடி கழித்து அதே சாக்கெட்டில் செருகுங்கள், 'டிங்' கேட்ட பிறகு இணையுங்கள். தானாகக் கண்டுபிடிக்கும் 'ஆட்டோடிடெக்ட்' வசதியை நம்ப வேண்டாம். அது ஒவ்வொரு போர்ட்டாக, ஒவ்வொரு வேகமாகத் தட்டிப் பார்க்கும், புளூடூத் போர்ட்டுகள் இருந்தால் அங்கேயே நேரத்தைப் போக்கும். க்யூஜிஐஎஸ்ஸின் ஜிபிஎஸ் அமைப்பில் 'சீரியல் டிவைஸ்' தேர்ந்தெடுத்து, நீங்கள் நிலையாக்கிய எண்ணை நேரடியாகக் கொடுங்கள்.

இப்போது இரண்டாவது ரிசீவர். சீரியல் சிப் உள்ள ரிசீவரைச் செருகியபடியே கணினியைத் தொடங்கினால், நொடிக்கு நொடி வரும் எழுத்துகளைப் பார்த்து அது பழைய காலத்துச் சீரியல் மவுஸ் என்று விண்டோஸ் ஏமாந்துவிடும். உங்கள் அம்பு ஓடியது அதனால்தான், வைரஸ் எதுவும் இல்லை. மறுபடி நடந்தால் மவுஸைத் தொடாமல், விண்டோஸ் பொத்தானோடு எக்ஸ் அழுத்தி, பிறகு எம் அழுத்துங்கள், டிவைஸ் மேனேஜர் திறக்கும். அம்புப் பொத்தான்களால் மவுஸ் பகுதிக்குப் போய் 'சீரியல் பால்பாயின்ட்' என்பதை 'டிஸேபிள்' செய்யுங்கள். 'அன்இன்ஸ்டால்' செய்யாதீர்கள், செய்தால் அடுத்த முறை திரும்ப வந்து உட்காரும். அந்த ரிசீவரைக் கணினி முழுதாகத் தொடங்கிய பிறகே செருகுவது பாதுகாப்பு.

மஞ்சள் முக்கோணத்தின் மேல் இருமுறை கிளிக் செய்து வாசகத்தைப் படியுங்கள். 'கோட் 10' என்றோ, கருவியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இது புரோலிஃபிக் சிப் இல்லை, விற்றவரைத் தொடர்பு கொள்ளுங்கள் என்ற பொருளில் ஆங்கில வாசகமோ இருந்தால், உள்ளே இருப்பது புரோலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303 என்ற சீரியல் சிப்பின் போலி. புதிய டிரைவர் அதைக் கண்டுபிடித்து மறுக்கிறது. 2012-லேயே உற்பத்தி நின்றுவிட்டது என்று வாசகம் சொன்னால் அது கைவிடப்பட்ட பழைய ரகம். இரண்டுக்கும் பலர் செய்வது, முன்பு சொன்ன அதே வழியில் பட்டியலிலிருந்து பழைய டிரைவர் பதிப்பு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. வேலை செய்யும், ஆனால் விண்டோஸ் அப்டேட் புதியதை மறுபடி போட்டுவிடும், அது நடக்கிற நாள் நீங்கள் கண்மாய்க் கரையில் நிற்கிற நாளாக இருக்கும். இதை விற்றவரிடம் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். வைத்துக்கொண்டாலும் களத்துக்கு முதல் ரிசீவரையே நம்புங்கள். 'கோட் 43' என்று வந்தால் போலி பற்றி யோசிக்கும் முன் கேபிளையும் சாக்கெட்டையும் மாற்றிப் பாருங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. யூ-பிளாக்ஸ் ரிசீவர் நேரடி யுஎஸ்பி என்பதால் 4800 கொடுத்தாலும் 115200 கொடுத்தாலும் ஓடும். இடையில் சீரியல் சிப் உள்ள ரிசீவருக்கு வேகம் துல்லியமாகப் பொருந்த வேண்டும். உள்ளே பழைய சிர்ஃப் ஜிபிஎஸ் சிப் என்றால் 4800, பழைய யூ-பிளாக்ஸ் என்றால் 9600. பொருந்தாவிட்டால் டெர்மினலில் வரிகளுக்குப் பதில் கிறுக்கல் வரும். நொடிக்கு ஐந்து முறை இருப்பிடம் வேண்டும் என்று அமைப்பை மாற்றுகிறவர்கள் சீரியல் ரிசீவரில் இன்னொரு பள்ளத்தில் விழுகிறார்கள். ஒரு கொத்து வரிகள் சுமார் 500, 600 எழுத்து வரும். ஐந்து முறை என்றால் கிட்டத்தட்ட 3,000. 9600 வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துதான் போகும். மிச்சம் பாதியில் வெட்டுப்படும், சரிபார்ப்பு எண் பொருந்தாது, மென்பொருள் அந்த வரிகளைத் தள்ளிவிடும், புள்ளி விட்டுவிட்டு நகரும். கண்மாய்க் கரை நடந்து அளக்க நொடிக்கு ஒன்று தாராளம், அதை மாற்றாதீர்கள்.

இன்னும் ஒன்றைத் தொடர்பறுப்பு என்று எண்ணிவிட வேண்டாம். டெர்மினலில் 'ஜிஜிஏ' என்று முடியும் தலைப்புள்ள வரியில் இருப்பிடத்தின் தரத்தைச் சொல்லும் எண் சில இடங்களில் 2 என்றும் சில இடங்களில் 1 என்றும் மாறும். 2 என்பது நம் நாட்டின் ககன் செயற்கைக்கோள்களின் திருத்தம் சேர்ந்திருக்கிறது என்று பொருள். ரிசீவரில் அந்த வசதி இயங்கினால் ஜிஎஸ்வி வரியில் 40, 41 போன்ற அடையாள எண்களோடு அவை தென்படும். பனங்கூட்டமோ கட்டடமோ மறைத்தால் திருத்தம் போய் 1 ஆகும், துல்லியம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். எண் 0 ஆனால்தான் இருப்பிடம் போனது என்று பொருள்.

கடைசியாக, இத்தனையும் சரிசெய்த பிறகும் ஒரு நாள் அறுபடும், அதற்கும் தயாராக இருங்கள். டெர்மினலில் பார்த்த அந்த வரிகளுக்கு என்எம்இஏ என்று பெயர். க்யூஜிஐஎஸ்ஸில் அவற்றை அப்படியே கோப்பில் எழுதும் வசதி உண்டு, காலையில் கிளம்பும்போதே அதைத் தொடங்கிவிடுங்கள். வரைந்துகொண்டிருக்கும் கோடு அழிந்தாலும் நடந்த பாதை அந்தக் கோப்பில் நேரத்தோடு இருக்கும். ஒவ்வொரு மடையையும் பதிந்ததும் திருத்தங்களைச் சேமியுங்கள், மாலைவரை தள்ளிப்போடாதீர்கள். சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியில், க்யூஜிஐஎஸ் திட்டங்களைத் திறக்கும் க்யூஃபீல்டு செயலியைப் போட்டு, அதே திட்டக் கோப்பை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். கணினி மக்கர் பண்ணினால் மீதி மடைகளை அதில் பதிந்துவிட்டு வீடு திரும்பலாம்.

இந்த வாரமே மொட்டைமாடிச் சோதனையைச் செய்யுங்கள். அதிலும் அறுந்தால், அறுந்த நேரத்தில் காம் போர்ட் பட்டியலில் இருந்ததா, டெர்மினலில் வரி ஓடியதா, எழுத்து 'ஏ'யா 'வி'யா என்ற மூன்றையும் குறித்து எழுதுங்கள். அந்த மூன்று பதில் இருந்தால் அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று என்னால் சரியாகச் சொல்ல முடியும்.